என்கிட்டயும் வரி வாங்குங்க

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு மோட்டார் பைக்.

மீன் விற்பனைக் கூடத்துக்குள், வெள்ளை டைல்ஸ் பதித்த எட்டாம் மேடையின் மேல் அது நின்றது. மீனைக் கிடத்தி விற்பதற்காகக் கட்டிய மேடை. தண்ணீர் வடிவதற்குச் சரிவு உண்டு, பக்கத்தில் குழாய் உண்டு, மேலே எல்இடி விளக்கு உண்டு. அந்த விளக்கின் வெளிச்சத்தில் பைக்கின் கண்ணாடி பளபளத்தது. யாரோ ராத்திரி நன்றாகத் துடைத்து ஏற்றி வைத்திருந்தார்கள்.

கூடத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் மண் விளிம்பில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முன்னால் பாலிதீன் விரிப்பு. அதில் சங்கராவும் காரப்பொடி மீனும் கூறு கட்டப்பட்டிருந்தன. மல்லைக்குப் போகும் ஒவ்வொரு பேருந்தும் அவர் முகத்தில் தூசி வீசிவிட்டுப் போனது. அவர் ஒரு கையால் மீனின் மேல் தண்ணீர் தெளித்தபடி இருந்தார்.

அந்தக் கூடத்தைக் கட்டப் பணம் கொடுத்தது நான் வேலை பார்த்த நிறுவனம். அதைப் பற்றிய அறிக்கையை எழுதியது நான். அறிக்கையில் ஒரு வரி இருந்தது: பயனாளிகள் அனைவரும் பெண்கள்.

அது பொய்யில்லை.

இடமிருந்து வலம்

பத்திரிகையை விட்டு அயல்நாட்டு நிதியில் நடக்கும் வளர்ச்சி நிறுவனத்துக்கு ஏன் போனீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு. சென்னைக்குப் போய் இரவுப் பணி முடித்துத் திரும்புவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. செங்கல்பட்டில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் அலுவலகம் ஆவணப் பிரிவுக்கு ஆள் தேடியது. போனேன்.

பத்திரிகையில் நான் அதிகம் செய்த வேலை படங்களுக்கு அடியில் பெயர் எழுதுவது. இடமிருந்து வலமாக, முன் வரிசை, பின் வரிசை. பெயர் தெரியாதவர்களுக்கு ‘மற்றும் பலர்’. விழாப் படங்களில் பெண்கள் பெரும்பாலும் அந்தப் பலரில் போய்ச் சேர்வார்கள். செய்தியாளர் பெயர் கேட்டு வந்திருக்க மாட்டார். பதிப்பு போகும் நேரத்தில் நானும் கேட்க முடியாது.

புதிய வேலையில் நிலைமை தலைகீழ். இங்கே ஒவ்வொரு திட்டத்திலும் ‘ஜெண்டர்’ என்று ஒரு தனிப் பத்தி. கிணறு தோண்டினாலும் எழுத வேண்டும், ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டாலும் எழுத வேண்டும்: பெண்களுக்கு இதில் என்ன பங்கு, யார் முடிவெடுத்தார்கள், யார் நேரம் செலவானது. மதுராந்தகம் பக்கத்து நெல் விவசாயிகள் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது நடவு செய்கிற பெண்கள் ஒருவரும் வரவில்லை என்பதை அந்தப் பத்திதான் என்னை எழுத வைத்தது. கூட்டம் வைத்த நேரத்தில் அவர்கள் வயலில் இருந்தார்கள்.

எங்கள் அலுவலகத்து ஆண்கள் அந்தப் பத்தியைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பலரில் போய்ச் சேர்ந்தவர்களைத் தேடச் சொல்லி யாரோ சம்பளம் கொடுத்தார்கள். அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

கடிகாரம் வரைய மாட்டோம்

கடலோரத்தில் எங்கள் ஜீப்புக்கு ‘ஜெண்டர் வண்டி’ என்று பெயர். தூரத்தில் தெரிந்ததும், “ஜெண்டர் வண்டி வந்துகினு கீது, சேர் எடுத்துப் போடுங்க” என்பார்கள்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ரெபெக்கா. களப் பொறுப்பாளர். மதுராந்தகத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கூடம் கட்டுவதற்கு முன்னால் அங்குள்ள மீனவக் குப்பத்தில் அவர் ஒரு பயிற்சி நடத்தினார். சார்ட் தாளில் ஒரு கடிகாரம் வரைந்து, காலையிலிருந்து இரவு வரை ஆண்கள் செய்யும் வேலை ஒரு நிறத்திலும் பெண்கள் செய்யும் வேலை இன்னொரு நிறத்திலும் குறிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் செய்கிற பயிற்சிதான்.

ஆண்கள் உட்கார்ந்து ரசித்து வரைந்தார்கள். பெண்கள் பக்கம் தாள் வெள்ளையாகவே இருந்தது.

“ஏம்மா வரையல?” என்றார் ரெபெக்கா.

“செய்ற வேலைய குந்தி வரைஞ்சிகினு இருந்தா, அந்த வேலைய யாரு செய்றது? நீ செய்றியா?” என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். குரலுக்குச் சொந்தக்காரர் அதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

அந்தக் குரல்தான் இப்போது சாலை விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கன்னியம்மா. நாற்பதுக்குள் வயது. கணவர் உயிரோடு இருக்கிறார். கல்பாக்கத்தில் ஒரு கான்டீனில் வேலை, அங்கேயே வேறு குடும்பம். மகள் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு இந்தப் பாலிதீன் விரிப்பின் மேல் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு வரி கெடையாது

“உள்ள எடம் காலியா இருக்கே. ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டேன்.

“காலியா எங்க கீது? வண்டி நிக்குது பாரு.”

“வண்டி மீன் விக்குமா?”

“அது அவங்க எடம் மேடம். சீட்டுல வுழுந்துது. எனக்கு சீட்டே போடல. எனக்கு வரி கெடையாது.”

வரி என்பதை இங்கே விளக்க வேண்டும். அரசாங்கம் வாங்கும் வரி இல்லை இது. கடலோரக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து குடும்பங்களிடம் வாங்குவது. கோயில் செலவு, சாவுச் செலவு, கடலில் யாராவது காணாமல் போனால் தேடிப் போகிற படகுக்கு டீசல், எல்லாம் அதிலிருந்துதான். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி கட்டும். வரி கட்டுகிறவருக்குத்தான் ஊரில் பேச்சு, பங்கு, மரியாதை. ஊருக்கு எது வந்தாலும் தலைக்கட்டுக் கணக்கில்தான் பிரியும்.

கூடத்தில் மேடைகள் குறைவு, குடும்பங்கள் அதிகம். பஞ்சாயத்து நியாயமாகத்தான் நடந்துகொண்டது. எல்லார் முன்னிலையிலும் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மேடைகள் பெண்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் நிறுவனம் நிபந்தனை வைத்திருந்தது. அதற்கும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எந்தத் தலைக்கட்டுக்குச் சீட்டு விழுந்ததோ அந்த வீட்டு மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படித்தான் பயனாளிகள் அனைவரும் பெண்கள் ஆனார்கள். அப்படித்தான், ஒரு நாளும் மீன் விற்றிராத ஒரு டிரைவர் மனைவிக்கு எட்டாம் மேடை கிடைத்து, அதில் அவர் கொழுந்தனின் பைக் ஏறியது. கணவரை இழந்தவர்கள், கணவர் விட்டுவிட்டுப் போனவர்கள், மீன் விற்றே பிழைக்கிறவர்கள், இவர்கள் சீட்டிலேயே இல்லை. கன்னியம்மாவின் வீட்டுத் தலைக்கட்டு கல்பாக்கத்தில் இருந்தது. வரி கட்டுவதை அது நிறுத்திப் பல வருஷமாயிற்று.

“சரி, வெளியிலயே விக்கலாம் இல்ல?” என்றேன்.

“தை பொறந்தா ரோட்டை அகலம் பண்றாங்களாம். யாரும் ஓரத்துல குந்தக் கூடாதுன்னு சொல்ட்டுப் போய்க்கீறாங்க.” சங்கராவின் செவுளைத் தூக்கி, வந்து நின்ற கார்க்காரருக்குக் காட்டினார். “பாருங்க சார், ரத்தம் மாதிரி கீது. நேத்து மீன் இல்ல.”

கார்த்திகை பாதி கடந்திருந்தது.

ஏரிக்கரைக்காரி

அந்த வாரம்தான் நிறுவனத்தின் பாலின ஆலோசகர் வந்தார். பெயர் அச்சியெங். கென்யாக்காரர். பெரிய ஏரிக்கரை ஒன்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைப் பின்னால்தான் சொன்னார். ஜீப்பில் ரெபெக்கா வரி விவகாரத்தை ஆங்கிலத்தில் விவரித்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தார்.

“எங்கள் ஊரிலும் உண்டு. பெயர்தான் வேறு” என்றார்.

அவர் கையில் ஒரு அதிகாரம் இருந்தது. அடுத்த தவணையில் அந்தக் குப்பத்துக்கு ஐஸ் வைக்கும் பெரிய பெட்டிகள் வர வேண்டும். தனித்து வாழும் பெண்களுக்கு மேடை ஒதுக்கும் வரை அதை நிறுத்தி வைக்கலாம். ஒரு மின்னஞ்சல் போதும். இந்த வேலையில் இருபது வருஷம் இருந்தவர்களில் பலர் அன்று மாலையே அதை அனுப்பியிருப்பார்கள்.

அவர் கன்னியம்மாவின் முன்னால், அதே மண்ணில், சப்பணமிட்டு உட்கார்ந்தார். பேருந்துத் தூசி இருவர் மேலும் படிந்தது. ரெபெக்கா மொழிபெயர்த்தார்.

“ஐஸ் பெட்டிய நிறுத்தட்டுமான்னு கேக்கறாங்க.”

கன்னியம்மா கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். “ஐயோ, வேணாம். நிறுத்தினா கன்னியம்மாவாலதான் நின்னுச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் நாளைக்கு கடக்கரை ஏலத்துல எனக்கு மீன் வுடுவாங்களா? பேஜாரு.”

“அப்ப மேடை குடுக்கச் சொல்லி எழுதட்டுமா?”

“எழுதுவீங்க. குடுப்பாங்க. நீங்க குடுத்தா அது உங்க மேடை. நீங்க போனா அதுவும் கூட வந்துடும்.”

“பின்ன உங்களுக்கு என்னதான் வேணும்?”

இதை ரெபெக்கா தானாகக் கேட்டது. கொஞ்சம் எரிச்சலோடு.

“என்கிட்டயும் வரி வாங்கச் சொல்லுங்க” என்றார் கன்னியம்மா. பிறகு ஒரு நொடி யோசித்து, “நீங்க சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிறேன். நீங்க வந்து நில்லுங்க, போதும்” என்றார்.

ரெபெக்கா மொழிபெயர்த்து முடித்தார். அச்சியெங் எழுந்து, புடவைக் கடைக்காரர்போல் கன்னியம்மாவின் விரிப்பை ஒரு முறை நீவிச் சரிசெய்துவிட்டு, அரைக் கிலோ காரப்பொடி வாங்கினார். விடுதியில் சமைக்க இடம் இல்லை. அதை ரெபெக்கா வீட்டுக்கு எடுத்துப் போனார்.

செருப்பு வரிசை

மார்கழியில் ஒரு ஞாயிறு மாலை ஊர்க் கூட்டம். அம்மன் கோயிலுக்கு முன்னால் சிமெண்டுத் தரை. ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டார் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில். நாட்டார் என்பவர் ஊர்த் தலைவர். அறுபது வயதிலும் கடலுக்குப் போகிறவர்.

தரையின் ஓரத்தில் ஆண்கள் கழற்றிவிட்ட செருப்புகள் ஒரு வரிசையாகக் கிடந்தன. பெண்கள் அந்த வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். கோடு எதுவும் போடவில்லை. செருப்பு இருக்கிற இடம் வரைதான் பெண்கள் வருவார்கள். அது பல காலப் பழக்கம். பெண்ணுக்கு ஒரு முறையீடு இருந்தால் அப்பாவோ அண்ணனோ உள்ளே போய்ப் பேசுவார். நாங்கள் மூவரும் பெண்களோடு நின்றோம்.

மற்ற விஷயங்கள் முடிந்தன. கன்னியம்மா செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், ஏலத்துக்குப் போகிற மாதிரி.

“இன்னாமே?” என்றார் நாட்டார்.

“வரி கட்ட வந்தேன் நாட்டாரே.”

கொஞ்சம் சிரிப்பு. “உன் வூட்டுக்காரன் கட்டணும் அத” என்றார் ஒருவர்.

“அவரு அங்க ஒரு ஊர்ல சாப்டுகினு கீறாரு. அந்த ஊருக்குக் கட்டட்டும். இங்க சாப்புடறது நானு.”

நாட்டார் கையை உயர்த்தினார். “இரும்மே. பேசறதுன்னா உனக்காக ஒரு ஆம்பள வரணும். வழக்கம் தெரியும் இல்ல? உனக்கு யாரு பேசறது?”

நான் அச்சியெங்கைப் பார்த்தேன். அவர் ரெபெக்காவின் தோளைத் தொட்டு என்ன என்று கேட்டார். ரெபெக்கா, “இருங்க, அப்புறம்” என்று தமிழிலேயே சொன்னார்.

கன்னியம்மா குரலை உயர்த்தவில்லை. “நேத்து காத்தால உங்க போட்ல வந்த சங்கராவ ஏலம் எடுத்தது யாரு?”

“நீதான்.”

“அப்ப எனக்கு எந்த ஆம்பள பேசினான்? நான்தான கேட்டேன். என் கொரலு செல்லுச்சா இல்லியா?”

நாட்டார் பதில் சொல்வதற்கு முன்னால் ஏலக்காரர், கூட்டத்தின் நடுவிலிருந்து, தொழில் பழக்கத்தில் சொல்லிவிட்டார்: “செல்லுச்சு.”

செருப்பு வரிசைக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள். ஏலக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கடக்கரையில செல்ற கொரலு கோயிலாண்ட செல்லாதா?” என்றார் கன்னியம்மா.

ஓர் இளைஞர் எழுந்தார். “வரி மட்டும் கட்டினா ஆச்சா? தேர் இழுக்க ஆள் வேணும். சாவு வூட்டுக்கு ஆள் வேணும். நீ வருவியா?”

“கூலிக்கு ஆள் அனுப்பறேன். போன வருசம் தேருக்கு நீ வந்தியா நைனா? ஒரகடம் கம்பெனியில ஷிப்டுன்னு ஆள்தான அனுப்பின?”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. இவர்கள் முடியாது என்று சொன்னால் கன்னியம்மா நாளை விடியற்காலை இதே ஆட்களின் நடுவே நின்று ஏலம் கேட்க வேண்டும். நாங்கள் ஜீப்பில் ஏறிப் போய்விடுவோம்.

நாட்டார் எங்கள் பக்கம் பார்த்தார். ஏதாவது சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பார். அச்சியெங் அசையாமல் நின்றார். நாட்டார் மறுபடி கன்னியம்மாவைப் பார்த்தார்.

“முழு வரியா கட்டுவ? அர வரி இல்ல?”

“முழுசு.”

“மாசா மாசம்?”

“என்னிக்காவது ஏலத்துக் காசு பாக்கி வெச்சிகீறனா?”

“அது இல்ல” என்று ஒப்புக்கொண்டார் நாட்டார். கணக்குப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “எழுதிக்க. அப்புறம், எட்டாம் மேடையில இன்னா விக்குது? பெட்ரோலா?”

பதில் செருப்புகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. டிரைவர் மனைவி. அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை.

“அது எனக்கு எதுக்கு மாமா. வண்டிய வூட்டாண்டயே நிறுத்திக்கட்டும். கன்னியம்மாவுக்கே குடுங்க.”

சொல்ல வேண்டிய நன்றி

பத்திரிகையில் நன்றி எழுத இடம் கிடையாது. இங்கே இருக்கிறது.

ஒரு மின்னஞ்சலை அனுப்பாமல் இருந்ததற்காக அச்சியெங்குக்கு. அனுப்பியிருந்தால் எங்கள் அறிக்கை இன்னும் நன்றாக இருந்திருக்கும். மொழிபெயர்க்காமல் நிறுத்திக்கொண்ட ரெபெக்காவுக்கு. யாருடைய குரல் செல்லும் என்பதை யோசிக்காமல் சொன்ன ஏலக்காரருக்கு. டிரைவர் மனைவிக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்காக. அதற்குப் பிறகு வீட்டில் அவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. போய்க் கேட்டபோது, “டீ குடிக்கிறியா மேடம்?” என்றார்.

நாட்டாருக்கும். அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பேசுவதற்கு ஆண் வேண்டும் என்ற வழக்கம் அந்த ஊரில் இன்னும் இருக்கிறது. ஆனால் சரியாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு எதிரே அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். தலைவர்கள் அப்படி இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அச்சியெங் ஊருக்குத் திரும்பும் முன், எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தார். பயனாளிகளில் எத்தனை பேர் பெண்கள் என்பதற்குக் கீழே: இந்த ஊரில் யார் குடும்பமாக எண்ணப்படுகிறார்கள், யார் எண்ணப்படவில்லை? அந்தக் கேள்வியை நான் பிறகு வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் கேட்டேன். எங்கு கேட்டாலும் முதலில், “எல்லாரையும்தான்” என்றார்கள். இரண்டாவது டீக்குப் பிறகுதான் மற்ற பதில் வரும்.

தை பிறந்தது. சாலை ஓரத்தை இயந்திரம் வைத்துச் சுரண்டினார்கள். கன்னியம்மா உட்கார்ந்த இடத்தில் இப்போது தார். அடுத்த மாதம் கணவரை இழந்த இரண்டு பெண்கள் வரி கட்ட வந்தார்கள். அவர்களுக்குச் செருப்பு வரிசையைத் தாண்டக் கூச்சமாக இருந்தது. கன்னியம்மா அவர்களோடு கூடவே வந்தார்.

ஆடிக் கூழ்

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுவதும் கோயிலில் இருந்தது. வேப்பிலைத் தோரணம், பெரிய ஸ்பீக்கர், தொட்டி நிறையக் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு.

பூஜை முடிந்ததும் தலைக்கட்டுகளுக்கு ஊர் மரியாதை. தலைக்கு ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. கணக்குப்பிள்ளை மைக்கில் பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் வாங்கினார்கள்.

நடுவில் ஒரு இடத்தில், “கன்னியம்மா” என்றார். அப்பா பெயர், கணவர் பெயர் எதுவும் முன்னால் இல்லை.

யாரும் வரவில்லை. ஸ்பீக்கர் கரகரத்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார்.

கல்பாக்கம் குடியிருப்பிலிருந்தும் சிறுசேரி கம்பெனிகளிலிருந்தும் கார்கள் மீனுக்கு வந்து நிற்பது ஞாயிற்றுக்கிழமை. கன்னியம்மா எட்டாம் மேடையில் இருந்தார். தேங்காயை அவர் மகள் போய் வாங்கிக்கொண்டாள்.